பலூன் அக்காவும் ஓசோன் இல்லாத காற்றும்

வானிலை நிலையத்தில் அவளைப் பலூன் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். வாரம் ஒருமுறை ஓசோன் அளக்கும் கருவியைப் பலூனில் கட்டி மேலே விடுவது அவள் வேலை. கருவிக்குள் சின்னக் கிண்ணம் ஒன்று உண்டு. அதில் ஊற்றும் கரைசலின் அளவு பிசகினால், மேலிருந்து வரும் கணக்கு அத்தனையும் பொய். அதனால் வேறு யாரையும் தொடவிட மாட்டாள். இத்தனை வருடம் கூடவே வேலை பார்த்த எனக்கும் கயிறு பிடிப்பதோடு சரி.

அந்த வருடம் அவள் கை நடுங்க ஆரம்பித்தது. டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பாள். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அப்போது பார்த்து ஒரு பலூன், பதின்மூன்று கிலோமீட்டர் உயரத்தில் ஓசோன் அநேகமாக இல்லவே இல்லை என்று காட்டியது. தலைமை அலுவலகம் சும்மா இருக்குமா? கரைசல் ஊற்றியதில் கோளாறு என்று ஒரே போடாகப் போட்டது. வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

மேலாளர் ஒரு வழி சொன்னார். ஒரே பலூனில் இரண்டு கருவிகள். ஒன்றை அவள் நிரப்பவேண்டும், மற்றதை இத்தனை வருடம் பக்கத்தில் நின்று பார்த்த நான். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அவளுக்கு இந்த வேலை இல்லை.

பலூன் ஏறியது. திரையில் இரண்டு கோடுகளும் ஒட்டிக்கொண்டே போய், அதே உயரத்தில் சேர்ந்தே அடிமட்டத்துக்கு இறங்கின. மேலாளர் முகம் மலர்ந்துவிட்டது. வெப்பக் கடலை ஒட்டிக் கிடக்கும் காற்றில் ஓசோன் அழிந்துபோகுமாம். இடிமேகம் அந்தக் காற்றை அள்ளி, வழியில் அதிகம் கலக்கவிடாமல் உச்சியில் கொண்டுபோய்க் கொட்டுமாம். கடல்மேல் சில வாரங்களாகவே இடிமேகங்கள்தான். அங்கிருந்து காற்று நம் தலைக்கு மேல் பரவியிருக்கிறது என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

நான் கருவி அறைக்கு ஓடினேன். "பாத்தீங்களாக்கா? உங்க மேல தப்பே இல்ல!"

"கதவச் சாத்து" என்றாள். "இன்னிக்கு ரெண்டு தடவ சிந்திட்டேன். மூணாவது தடவதான் சரியா வந்துச்சு. நீ அந்தப் பக்கம் திரும்பியிருந்த."

"அதான் சரியா வந்துடுச்சே?"

"சரியா இருக்கும்போதே சொல்லிடணும்மா. தப்பான பொறகு சொன்னா, இத்தன வருஷம் அனுப்புனதயும் யாரும் நம்பமாட்டாங்க. அடுத்த வாரத்துலேருந்து நீ ஊத்து."

அவள் கையுறையைக் கழற்றப் பார்த்தாள். விரல்கள் ஒத்துழைக்கவில்லை. முதல்முறையாக என் பக்கம் கையை நீட்டினாள்.