சட்டசபைக் கனவானுக்கு ஒரு கல்வெட்டு

இருபது வருடம் செத்தவர்களைப் பற்றி எழுதியே பிழைத்தவள் நான். ஸ்காபரோவில் ஒரு தமிழ் அச்சகத்தில் கல்வெட்டு அடிக்கிற வேலை. எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களில் ஒருவர் காலமானால், முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்க ஒரு சின்னப் புத்தகம் வேண்டும். அதற்குப் பெயர்தான் கல்வெட்டு. படம், தேவாரம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, நன்றியுரை எல்லாம் அதில் இருக்கும். வீட்டுக்காரர் அழுத கண்ணோடு கிறுக்கிக்கொண்டு வருவதை வாசித்து ஒழுங்குபடுத்துவது என் பொறுப்பு. யாருடைய கையெழுத்தையும் ஒருமுறை பார்த்தால் மறக்க மாட்டேன் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அச்சகத்தை மூடியபோது எனக்கு ஐம்பத்தெட்டு வயது. தெரிந்தவர் ஒருவர் சொல்லி, ரொறன்ரோ நகரத்துக்குள் ஒரு பழைய செங்கல் வீட்டில் வேலை கிடைத்தது. இப்போது அது காட்சிசாலை. வீட்டுக்காரர் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெரிய மனிதர். மா அரைக்கும் ஆலை, ஏரிக்கரையில் மரக் கிடங்கு, பிறகு குடியேற்ற ஆட்சியின் சட்டசபையில் உறுப்பினர். எனக்குத் தந்தது ஆறு மாத வேலை. தமிழ் ஆட்கள் கனக்க வருகிறார்கள், அவருடைய வாழ்க்கையைத் தமிழில் ஒரு துண்டுப்பிரசுரமாக எழுதித் தந்தால் நிரந்தரமாக்கலாம் என்றார் பொறுப்பாளர். இந்த வயதில் வேறு யார் என்னைக் கூப்பிடப் போகிறார்கள்? எப்படியும் எழுதிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

எழுத உட்கார்ந்த பிறகு அந்த மனிதர் என்னைப் பிடித்துக்கொண்டார். பத்தொன்பது வயதில் தனியாகக் கப்பலில் வந்திறங்கியவர். அட, எங்களைப்போல ஒருவர் என்று நினைத்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் அவருடைய மூக்குக்கண்ணாடி, கைத்தடி, சவரக் கிண்ணம், ஒரு கட்டு வணிகக் கடிதங்கள். சபையில் பேச எழும்பினால் லேசில் உட்கார மாட்டாராம். தூசி தட்டும்போது சவரக் கிண்ணத்தைப் பார்த்து, "இண்டைக்கு என்ன பேச்சு, ஐயா?" என்று கேட்கிற அளவுக்கு நாங்கள் நெருங்கிவிட்டோம்.

முதல் பிரதியை நுழைவுச்சீட்டு மேசையில் என்னோடு வேலை செய்கிறவளிடம் கொடுத்தேன். பிக்கரிங்கிலிருந்து ரயிலில் வருகிற தமிழ்ப் பெண், இங்கேயே பிறந்தவள். எழுத்துக்கூட்டி வாசித்தவள் சிரிக்கத் தொடங்கினாள்.

"அன்ரி, திஸ் இஸ் அன் ஒபிச்சுவரி! ஆத்மா சாந்தியடைய எல்லாம் பிரே பண்ணியிருக்கிறீங்கள். ஹீ டைட் லைக், ஹன்ட்ரட் இயர்ஸ் முதல்!"

பார்த்தால் உண்மைதான். பெயருக்கு முன்னால் 'அமரர்' போட்டிருந்தேன். 'அன்னார் இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் அன்புக் கணவரும், இன்னார்களின் பாசமிகு தந்தையும்' என்று எழுதி, இன்னார்களுக்குக் கோடு இழுத்து இடமும் விட்டிருந்தேன். கை பழகிய பழக்கம். எனக்கே வெட்கமாய்ப் போய்விட்டது.

அமரரையும் ஆத்ம சாந்தியையும் வெட்டினேன். ஆனால் அந்தக் கோடுகள் வெறுமையாய்க் கிடந்து என்னைச் சுரண்டின. சுவரில் தொங்கும் ஆங்கிலப் பலகையில் ஆலை இருந்தது, பாலம் இருந்தது, ரயில்பாதை இருந்தது, தோற்ற தேர்தல்கூட இருந்தது. மனைவி இல்லை. பிள்ளைகளில் ஒரு மகன் மட்டும். மனைவி பெயர் இல்லாமல் ஒருவரை வழியனுப்பினால் எங்கள் சனம் அச்சகத்தை உடைத்திருக்கும்!

ஒரு சனிக்கிழமை அவருடைய கல்லறையைத் தேடிப் போனேன். கனடாவுக்கு வந்த புதிதில் நாங்கள் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடியில் இருந்தோம். அங்கிருந்து நடக்கிற தூரத்தில்தான் அந்தச் சவக்காலை. அப்போது அதன் பக்கம் பார்க்கவே பயப்படுவேன். இப்போது புல்லை விலக்கி விலக்கி வாசித்தேன். பெரிய கல்லில் அவர். அடியில் சின்ன எழுத்தில் மனைவி. பக்கத்தில் ஐந்து குட்டிக் கற்கள், ஐந்தும் குழந்தைகள். மகனோடு சேர்த்து ஆறு. என் கோடுகளெல்லாம் நிரம்பிவிட்டன.

அடுத்த வாரம் மேல்மாடி அலுமாரியில் அந்த வீட்டுப் பைபிளைத் திறக்க அனுமதி கேட்டேன். முதல் பக்கத்தில் ஆறு பிள்ளைகளின் பிறப்பையும் தாயே எழுதிக் கையொப்பம் இட்டிருந்தாள். அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கீழே கண்ணாடிக்குள் 'அவருடைய வணிகக் கடிதங்கள்' என்று வைத்திருந்தார்களே, அவற்றில் பாதிக்கு மேல் இந்தக் கைதான். கோதுமைக்காரனை அதட்டுவதும், கப்பல்காரனோடு பேரம் பேசுவதும், ஆலைச் சக்கரம் உடைந்ததற்கு ஆள் அனுப்புவதும் அவள்தான். ஒரு கடிதத்தின் திகதியில் அவர் வேறு நகரத்தில் சபையில் பேசிக்கொண்டிருந்ததாகப் பலகையே சொல்கிறது. அவர் அங்கே பேச, அவள் இங்கே ஆலையை நடத்தியிருக்கிறாள்.

மனம் துள்ளியது. அன்றிரவே எழுதி முடித்தேன்.

பொறுப்பாளர் நல்ல மனிதர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அது குமாஸ்தாவின் கையாகவும் இருக்கலாம் என்றார். குமாஸ்தா ஏன் பிள்ளைப்பேறு எழுதப் போகிறான் என்று கேட்டேன். சிரித்தார். நிபுணர் பார்க்க வேண்டும், நிர்வாகக் குழு ஒப்புக்கொள்ள வேண்டும், அதற்குக் காலம் எடுக்கும், அதுவரை பலகையில் உள்ளதுதான் பிரசுரத்திலும் இருக்கலாம் என்றார். அந்தப் பெண்ணின் பகுதியை மட்டும் எடுத்துவிடச் சொன்னார்.

எடுத்துவிடுவது எனக்குப் புதிதல்ல. அச்சகத்தில் ஒருமுறை ஒரு தகப்பனின் கல்வெட்டு வந்தது. மூத்த மகள் வீட்டுக்குப் பிடிக்காத கலியாணம் செய்தவள். "அவவின்ர பேரை எடுத்துவிடுங்கோ" என்றார் பெரிய மீசை வைத்த அவளுடைய தம்பி. சரி என்று எடுத்துவிட்டேன். ஒரு பொத்தானை அழுத்துகிற வேலைதானே. ஒரு மாதம் கழித்து அவள் அச்சகத்துக்கு வந்தாள். ஒரு பிரதி கேட்டு வாங்கி, நின்றபடியே பக்கம் பக்கமாகப் புரட்டினாள். கடைசி அட்டைவரை புரட்டிவிட்டு, "திரும்ப அடிச்சால் சொல்லுங்கோ, அன்ரி" என்று ஒரு துண்டில் தொலைபேசி எண்ணை எழுதித் தந்துவிட்டுப் போனாள். அந்தத் துண்டை நான் எறியவில்லை.

பொறுப்பாளரிடம் என்னால் எடுக்க முடியாது என்றேன். அவர் கோபிக்கவில்லை. தமிழ்ப் பிரசுரம் தள்ளிப்போனது. ஆறு மாதம் முடிந்ததும் என் வேலையும் முடிந்தது. கடைசி நாள் சவரக் கிண்ணத்தைத் துடைக்கும்போது அவரோடு பேசப் பிடிக்கவில்லை. அவர் மேல் எனக்குச் சரியான கோபம்.

அடுத்த ஞாயிறு காலை வீட்டில் பழைய கணினியைத் திறந்தேன். அச்சகத்துக் கோப்புகள் எல்லாம் அதில் இருந்தன. அந்தத் தகப்பனின் கல்வெட்டை எடுத்து, பிள்ளைகள் வரிசையில் அவள் பெயரைத் தட்டெழுதினேன். ஒரேயொரு பிரதி அச்செடுத்துத் தைத்தேன். பிறகு அந்தத் துண்டிலிருந்த எண்ணுக்கு அழைப்பு எடுத்தேன். எண் மாறியிருக்கவில்லை. நான் யாரென்று சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவளுடைய பெயரோடு ஒரு புத்தகம் என்னிடம் இருக்கிறது என்றேன்.

அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"எந்த இடத்தில போட்டனீங்கள், அன்ரி? தம்பியாக்களுக்குப் பின்னாலயோ?"

"இல்லையம்மா, முதலாவதா. மூத்த பிள்ளை நீர்தானே."