அவுட் சொல்லப் பழகியவள்

சட்டைத் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் 'செக்கிங் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். தைத்து முடித்த சட்டைகள் அவள் மேசைக்கு வரும். காலரில் ஒரு திருப்பு, கைப்பட்டியில் ஒரு இழுப்பு, பொத்தான் வரிசையில் ஒரு பார்வை. சரியாக இருந்தால் வலப்பக்கக் கூடைக்குப் போகும். இல்லாவிட்டால் குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி இடப்பக்கக் கூடையில் போடுவாள். ஒரு சட்டைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இருபத்திரண்டு வருடமாக அவள் செய்துவரும் வேலை இது. அதில் அவளுக்கு ரொம்பப் பிடித்ததே வாயைத் திறக்கவேண்டியதில்லை என்பதுதான். ஸ்டிக்கர் ஒட்டினால் போதும், தைத்தவளுக்குப் புரிந்துவிடும்.

வீட்டிலும் வாய்க்கு வேலை இருந்ததில்லை. கணவர் காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் விடுகிறவர். சந்தையின் இந்தக் கோடியில் நின்று அவர் தொண்டையைச் செருமினால் அந்தக் கோடியில் மூட்டை இறக்குகிறவர் திரும்பிப் பார்ப்பார். பள்ளிக்கூடம், வங்கி, ஆஸ்பத்திரி என்று எங்கே போனாலும் பேச்சு அவருடையது. டாக்டர் அவளைப் பார்த்து, "எங்கம்மா வலிக்குது?" என்று கேட்டால், "இடது தோள்பட்டை, டாக்டர். குனிஞ்சா அதிகம்" என்று பதில் அவரிடமிருந்து வரும். சரியான பதில்தான். அதனால் அவளுக்கு அதில் ஒரு குறையும் தோன்றவில்லை.

தொழிற்சாலையில் பெண்களுக்கென்று ஒரு சாஃப்ட்பால் அணி இருந்தது. பக்கத்துக் கம்பெனிகளோடு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுவார்கள். ஓடத் தெம்பில்லாத இவளை ஸ்கோர் எழுத உட்கார வைத்திருந்தார்கள். மூன்று வருடம் ஓரமாக உட்கார்ந்து எழுதியதில் ஆட்டம் அவள் கண்ணுக்குள் இறங்கிவிட்டது. பந்து மட்டையில் படும் சத்தத்தை வைத்தே அது எங்கே விழும் என்று பென்சில் முன்கூட்டியே நகரும்.

இதை முதலில் கவனித்தவள் 'ஸ்பானர்'. தையல் மெஷின்களைப் பழுது பார்க்கும் பெண், இருபத்தாறு வயது. ஏற்கெனவே அம்பயராக நிற்பவள். பட்டென்று உடைத்துப் பேசுவாள்.

"அக்கா, அம்பயருக்கு ஆளே இல்ல. போன வாரம் ரெண்டு மேட்ச் நின்னு போச்சு. ரெண்டு நாள் பயிற்சிதான். நீங்க வாங்க."

"நானா? எனக்குச் சத்தமே வராதே."

"சத்தத்த வரவச்சுக்கலாம். கண்ணு வராதுக்கா."

பயிற்சிக்குப் போனாள். வந்திருந்த பதினோரு பேரில் அவள்தான் வயதில் மூத்தவள். விதிப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்தாள். எழுத்துத் தேர்வில் முதலாவதாக வந்தாள். சிக்கல் மைதானத்தில் ஆரம்பித்தது. சுவரைப் பார்த்து நின்று, முஷ்டியை உயர்த்தி, "அவுட்!" என்று கத்த வேண்டும். அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை.

"அம்மா, நீங்க சொல்றது 'அவுட்டா?'ன்னு கேக்குற மாதிரி இருக்கு" என்றார் பயிற்சியாளர். "யாரையும் கேக்காதீங்க. நீங்க சொன்னாத்தான் அவுட்டு." பிறகு எல்லோருக்கும் பொதுவாக ஒன்று சொன்னார்: "மூணே வார்த்தை ஞாபகம் வச்சுக்கங்க. பாரு, பொறு, சொல்லு."

வீட்டில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டுப் பழகினாள். மூன்றாம் நாள் கணவர் கதவைத் தட்டினார்.

"யாரு உள்ள அவுட்டு? கீசரா?"

கல்லூரி போகும் மகள் கூடத்திலிருந்து விழுந்து விழுந்து சிரித்தாள். கணவரும் சிரித்தார். ஆனால் அன்று சாயங்காலமே அவளை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய், வயிற்றிலிருந்து குரலெடுக்கும் வித்தையைக் காட்டினார். "தொண்டையில கத்தினா ரெண்டு நாள்ல கட்டிக்கும். தொப்புளுக்குக் கீழேருந்து வரணும். எங்க, சொல்லு." மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரி, இவர்கள் சண்டை போடுவதாக நினைத்து உள்ளே போய்விட்டாள்.

முதல் ஆட்டத்தில் ஸ்பானர், மட்டைக்காரி நிற்கும் பிளேட்டுக்குப் பின்னால் முகமூடியோடு நின்றாள். இவளுக்கு, ஓடுகிறவர்கள் தொட வேண்டிய பேஸ்களுக்குப் பக்கத்தில் நிற்கும் பேஸ் அம்பயர் வேலை. ஓடி வருகிறவளின் கால் முதலில் பேஸைத் தொட்டதா, எறிந்த பந்து முதலில் கையுறைக்குள் வந்ததா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கால் முந்தினால் சேஃப், பந்து முந்தினால் அவுட்; ஆனால் பிடித்த பந்து கையில் நிற்க வேண்டும், நழுவினால் சேஃப். பார்ப்பது எளிதாகத்தான் இருந்தது. சொல்வதற்குள்தான் யுகம் கடந்தது. ஒவ்வொரு தடவையும் இரண்டு அணியும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றன.

"பஸ் போனப்புறம் கை காட்டுற ஆளு மாதிரி இருக்கீங்க" என்று ஒரு ஆட்டக்காரி சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள். சிரிப்பாகச் சொன்னாலும் அது சுருக்கென்று தைத்தது. அடுத்த ஆட்டத்தில் அவள் வேகமாகச் சொன்னாள். எல்லோரும் பாராட்டினார்கள். ஸ்பானர் மட்டும், "கொஞ்சம் அவசரம் தெரியுதுக்கா" என்றாள். இவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புதிதாக வந்த வேகம் அவளுக்கு இனித்தது.

மூன்றாவது ஆட்டத்துக்குக் கணவர் வந்தார். சந்தைக்கு விடுமுறை. வெள்ளைச் சட்டை போட்டு, சீவி முடித்து, கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் கிளம்பினார். பக்கத்தில் உட்கார்ந்த மகளிடமும், முன்னால் உட்கார்ந்த முன்பின் தெரியாத நாலு பேரிடமும், "அந்த நீலச் சட்டை இருக்காங்கல்ல, நம்ம வீட்டம்மா" என்று சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உட்கார மனம் வந்தது.

ஐந்தாவது இன்னிங்ஸ். மட்டை பிடித்த அணியில் இரண்டு பேர் ஏற்கெனவே அவுட்; இன்னும் ஒருத்தி அவுட்டானால் அந்த இன்னிங்ஸில் அவர்கள் முறை முடியும். மூன்றாவது பேஸில் ஒருத்தி பிளேட்டுக்கு ஓடி ரன் எடுக்கத் தயாராக நின்றாள். அடித்த பந்து தரையோடு உருண்டது. அதைப் பொறுக்கி முதல் பேஸுக்கு எறிந்தார்கள். பந்து கையுறையில் 'தப்'பென்று விழுந்தது. ஓடி வந்தவளின் கால் இன்னும் ஒரு எட்டு பின்னால் இருந்தது.

"அவுட்!"

தொப்புளுக்குக் கீழிருந்து வந்த குரல். சொல்லிக்கொண்டே அவள் திரும்பிவிட்டாள். முதுகுக்குப் பின்னால்தான் அது நடந்தது: கையுறையிலிருந்து பந்து நழுவி, புல்லில் விழுந்து உருண்டது. அவள் மறுபடி திரும்பியபோது பந்து ஆட்டக்காரியின் கையில் இருந்தது.

பார்வையாளர் பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்தார். மட்டை பிடித்த அணியில் ஆடும் ஒரு பெண்ணின் அண்ணன்.

"ஏங்க அம்பயர்! பந்து கீழ விழுந்துச்சு! கண்ணு எங்க இருக்கு? வீட்டுல அடுப்பு மேலயே வச்சுட்டு வந்துட்டீங்களா?"

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று அவளுக்குத் தெரியும். பயிற்சியிலும் அதைத்தான் சொன்னார்கள்: காது கேட்காத மாதிரி நில். அவளும் நின்றாள். ஆனால் ஏலக்காரருக்கு அந்தப் பயிற்சி கிடையாது.

"யார்ரா அது? யாரப் பாத்துடா கண்ணு இல்லங்குற? ஒரு நாளைக்கு அறுநூறு சட்டை பாக்குற கண்ணுடா அது! ஒரு நூல் பிரிஞ்சா கண்டுபிடிக்கும்! அவுட்டுன்னு சொல்லிட்டாங்கல்ல? அவுட்டுன்னா அவுட்டுதான்!"

மைதானம் முழுக்கக் கேட்டது. பக்கத்து மைதானத்தில் கால்பந்து ஆடியவர்கள்கூட நின்றுவிட்டார்கள். அண்ணன்காரர் இரண்டு படி இறங்கி வந்தார். கணவர் நான்கு படி இறங்கினார். மகள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பந்து போடுகிறவள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

ஸ்பானர் பிளேட்டிலிருந்து அவளைப் பார்த்தாள். நான் போகட்டுமா என்று கேட்கிற பார்வை. இவள் தலையை ஆட்டி வேண்டாமென்றாள்.

பேஸிலிருந்து வேலிக்கு நாற்பது அடி இருக்கும். அவ்வளவு தூரமும் அவள் நடந்தாள், ஓடவில்லை. முதலில் அந்த அண்ணனைப் பார்த்து, "உக்காருங்க சார்" என்றாள். அவர் உட்கார்ந்தார். பிறகு கணவரைப் பார்த்தாள்.

"நீங்க வெளிய போங்க."

"என்னது?"

"ஆட்டம் நின்னு போச்சு. நீங்க மைதானத்த விட்டு வெளிய போனாத்தான் நடக்கும்."

"ஏம்மா, நான் உனக்காகத்தானே..."

"சார், வெளிய போங்க."

இருபத்து நாலு வருடத்தில் அவரை அவள் 'சார்' என்று கூப்பிட்டதில்லை. அவர் மகளுடைய கையை மெல்ல விலக்கிவிட்டு, சட்டையை நேராக்கிக்கொண்டு, கேட்டைத் தாண்டி நடந்தார். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

அவள் பேஸுக்குத் திரும்பினாள். மட்டை பிடித்த அணியின் பயிற்சியாளர் அமைதியாக வந்து நின்றார். "மேடம், பந்து விழுந்தத நீங்க பாக்கலன்னு நினைக்கிறேன். இன்னொரு அம்பயர ஒரு தடவ கேக்க முடியுமா?"

விதி அவளுக்குத் தெரியும். தீர்ப்புச் சொன்னவள் கேட்டாலொழிய இன்னொரு அம்பயர் வாய் திறக்கக் கூடாது. கேட்காமலும் இருக்கலாம். கணவரை வெளியே அனுப்பிய கையோடு, அந்த ஆள் சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று ஒரு கணம் ஓடியது. பிறகு, மேசையில் ஒரு சட்டையைத் திரும்ப எடுத்துப் பார்க்க யாரிடமும் வெட்கப்பட்டதில்லையே என்று தோன்றியது.

ஸ்பானரிடம் போனாள். "நான் திரும்பிட்டேன். என்ன பாத்த?"

"விழுந்துச்சுக்கா. கால் வர்றதுக்கு முன்னாடியே பந்து கீழ."

அவள் நடுவில் வந்து நின்று இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தாள். "சேஃப்! பந்து பிடிபடல. என் தப்பு."

மூன்றாவது பேஸில் நின்றவள் ஓடி வந்தது ஒரு ரன்னாகக் கணக்கானது. பந்து பிடித்த அணி முணுமுணுத்தது. அதன் தலைவி வந்து வாதாடினாள். அவள் கேட்டுக்கொண்டாள், மாற்றவில்லை. ஆட்டம் தொடர்ந்தது. அந்த ரன் கிடைத்தும் அந்த அணி தோற்றது.

வீட்டுக்கு வந்தபோது கணவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அன்றும் மறுநாளும் பேச்சில்லை. மகள் இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரி ஆனாள். "அப்பா உப்பு எங்கன்னு கேக்குறாரு." "உங்க அப்பா கைக்கு நேரா இருக்குன்னு சொல்லு."

மூன்றாம் நாள் காலை, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், அவர் செருப்பு மாட்டியபடி சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"அந்த ஆளு சொன்னது சரிதானாமே. பொண்ணு சொன்னா."

"ஆமா. பந்து விழுந்துடுச்சு. நான் பாக்கல."

"அப்ப நான் தப்பான கட்சிக்குத்தான் கத்தியிருக்கேன்."

அவள் சாப்பாட்டு டப்பாவை மூடினாள். "சரியான கட்சிக்குக் கத்தியிருந்தாலும் வெளியதான் போகச் சொல்லியிருப்பேங்க."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கோபம் இருந்தது, அதோடு வேறு ஏதோ ஒன்றும் இருந்தது. "அத்தன பேரு முன்னாடி" என்றார்.

"அது எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ராத்திரி தூக்கம் வரல. ஆனா எனக்காக நீங்க பேசினா, அங்க நான் நிக்க முடியாது."

அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய்யாகிவிடும். அந்த வாரம் முழுக்க அவர் கொஞ்சம் விறைப்பாகவே இருந்தார். அடுத்த இரண்டு ஆட்டங்களுக்கு வரவில்லை. எங்கே போகிறாய் என்றும் கேட்கவில்லை. ஆனால் தோய்த்துப் போட்ட அவளுடைய நீலச் சட்டையை மழை வந்தபோது மாடியிலிருந்து எடுத்து வந்தவர் அவர்தான்.

அவள் தன் பாட்டுக்கு ஆட்டங்களுக்குப் போய்வந்தாள். பொறு என்ற நடு வார்த்தையை அவளே தனக்குள் சொல்லிக்கொள்வாள். தப்புகள் நின்றுவிடவில்லை. ஒருமுறை பந்துகளின் எண்ணிக்கையை மறந்துபோனாள். ஒருமுறை ஓடுகிறவளின் வழியில் நின்று அவளோடு முட்டிக்கொண்டு விழுந்தாள். முழங்கையில் சிராய்ப்போடு வேலைக்குப் போனபோது தையல் வரிசையே எழுந்து வந்து விசாரித்தது.

சீசனின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு முதன்முறையாகப் பிளேட் கொடுத்தார்கள். நெஞ்சுக் கவசம், முகமூடி, கையில் பந்துகளை எண்ணும் கிளிக்கர். மட்டைக்காரி அடிக்காமல் விட்ட பந்து பிளேட்டுக்கு மேலே, முழங்காலுக்கும் அக்குளுக்கும் நடுவே வந்திருந்தால் ஸ்ட்ரைக் என்று அவள் சொல்ல வேண்டும். முதல் இன்னிங்ஸ் முடிந்து பிளேட்டின் மண்ணைத் துடைக்கக் குனிந்து நிமிர்ந்தபோது, வேலிக்கு அந்தப் பக்கம், மரத்தடியில், வண்டியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்த கணவரைப் பார்த்தாள். உள்ளே வரவில்லை. கையில் வேர்க்கடலைப் பொட்டலம். யாரோ ஒருவர் ஸ்ட்ரைக் ஒன்றுக்குக் கூச்சல் போட்டார். கணவர் ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டார்.

ஆட்டம் முடிந்து வண்டியின் பின்னால் அவள் ஏறி உட்கார்ந்தாள். கவசப் பையை மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு தெரு தாண்டி சிக்னலில் நின்றபோது அவர் தலையைப் பாதி திருப்பினார்.

"நாலாவது இன்னிங்ஸ்ல, உயரமா ஒரு பொண்ணு ஆடினாளே. அவளுக்கு நீ சொன்ன கடைசி ஸ்ட்ரைக். அது கொஞ்சம் தாழ்வா வந்த மாதிரி இல்ல?"

அவள் அந்தப் பந்தை நினைத்துப் பார்த்தாள். பந்து போடுகிறவளின் மணிக்கட்டு, சுழற்சி, முழங்காலுக்கு நேரே பந்து கடந்த இடம். அவசரப்படவில்லை.

"இல்லங்க" என்றாள். "முழங்காலுக்குச் சரியா வந்துச்சு."

"மரத்தடியிலேருந்து பாத்தா தாழ்வாத் தெரிஞ்சுது."

"அங்கேருந்து அப்படித்தான் தெரியும்."

அவர் தலையாட்டினார். சிக்னலில் பச்சை விழுந்தது.