முடிச்சுக்குக் காவல்

எங்கள் பிரஷர் வாஷிங் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த வேலை, மொட்டை மாடியில் சும்மா உட்கார்ந்திருப்பது. கிண்டல் இல்லை, அதுவும் வேலைதான். தொங்கியபடி சுவர் கழுவுகிறவனுக்கு இரண்டு கயிறு. ஒன்று அவனைத் தாங்கும். அது அறுந்தால் பிடித்துக்கொள்ள இன்னொன்று, உயிர்க்கயிறு. இரண்டின் முடிச்சும் மாடியில் இருக்கும். பக்கத்தில் ஓர் ஆள் இருந்தே ஆகவேண்டும். என் தொப்பைக்கேற்ற பெல்ட் கம்பெனியில் இல்லாததால் அந்தப் பதவி எனக்கு.

டில்லி ஜனக்புரியில் ஓர் ஆறு மாடிக் குடியிருப்பு. பல நாள் பனிமூட்டம் விலகி அன்றுதான் வெயில் வந்தது. ராம்பால் ஐந்தாவது மாடி உயரத்தில் தொங்கிக்கொண்டு, புறா எச்சத்தின்மேல் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தான். நான் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தேன். சொசைட்டி செக்ரட்டரி வந்தார். பேங்கில் ரிடையர் ஆனவர், கும்பகோணத்துக்காரர்.

"என்னய்யா, வேலைக்கு வந்தீரா, வெயில் காய வந்தீரா? இருபத்தாறாம் தேதி கொடியேத்தம். ஜல்தியா கீழ போய் கேட்டைக் கழுவும்."

"முடிச்சப் பாத்துக்கணும் சார்."

"முடிச்சு என்ன, ஓடியா போயிடும்?"

கையைப் பிடித்துப் படிக்கட்டுப் பக்கம் இழுத்தார். திமிறிக்கொண்டு திரும்பினால், நாலாவது மாடி அம்மாள் தோளில் ரஜாயோடு, அதாவது பஞ்சு அடைத்த குளிர்காலப் போர்வையோடு, நின்று உயிர்க்கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். டில்லியில் வெயில் தலைகாட்டினால் எல்லார் வீட்டு ரஜாயும் மாடிக்கு வந்துவிடும், துணி காயப்போடும் கொடிகள் நிரம்பிவிட்டன. ஆளைத் தாங்கும் கயிறு விறைத்து நிற்கும், கைவைக்க முடியாது. உயிர்க்கயிறு தொய்ந்து கிடக்கும். கொடி கட்ட அதுதான் வாகு!

ஓடினேன். நான் ஓடியதாகச் சொன்னால் என் மனைவியே நம்பமாட்டாள். கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு, "ராம்பால், மெஷின் பந்த் கரோ!" என்று மெஷினை நிறுத்தச் சொல்லி அலறினேன்.

"அரே பையா, ஏக் கண்டே கி தோ பாத் ஹை," என்றார் அம்மாள். ஒரு மணி நேரம்தானாம்.

"லேடீஸ்கிட்ட ஏன்யா கத்தறீர்? அதான் இன்னொரு கயிறு இருக்கே!" என்றார் செக்ரட்டரி.

எனக்கு உச்சந்தலை கொதித்தது. "உங்களுக்கும்தான் ரெண்டு கிட்னி இருக்கு சார். ஒண்ணை அவுத்துக் குடுக்கறீங்களா, துணி காயப்போட?"

"மரியாதையாப் பேசும். மேனேஜர்கிட்ட சொல்றேன்."

"சொல்லுங்க. அதுக்கு முன்னால ஒருதரம் இப்படி எட்டிப் பாருங்க. அங்க ஒரு ஆள் தொங்கறான்."

கைப்பிடிச் சுவர்வரை வந்தவர் பின்வாங்கினார். "எனக்கு உயரம்னா தலை சுத்தும்யா."

எட்டிப் பார்க்கவே தலை சுற்றுமாம்! இதை எழுதும்போதும் பல்லைக் கடிக்கிறேன். ஏற்கனவே இரண்டு பல் ஆடுகிறது.

ராம்பாலை மேலே ஏற்றினேன். மெஷினை வண்டியில் போட்டேன். பாதி வெளுப்பும் பாதி கறுப்புமான சுவருக்கு முன்னால்தான் கொடியேற்றினார்கள்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவனை மாடியில் இருப்பவர்கள் யாரும் நினைக்கமாட்டார்கள். ஆகவே முடிச்சுக்குப் பக்கத்தில் உட்காராதீர்கள். முடிச்சின் மேலேயே உட்காருங்கள். யார் வந்து கையைப் பிடித்தாலும் எழுந்திருக்காதீர்கள். என்னை இப்போது இரண்டு செக்ரட்டரிகள் சேர்ந்து இழுத்தாலும் அசைக்க முடியாது. அதற்காகத்தான் சாப்பிடுகிறேன்.