விஜிலா கழுவிய ஏர் ஃபில்டர்

விஜிலா எங்கள் தெருவில் நான்காவது வீடு. காலை ஐந்தேகாலுக்குத் திரேஸ்புரம் கடற்கரை ஏலத்தில் மீன் எடுப்பாள். ஐஸ் பெட்டியை ஸ்கூட்டரின் பின்னால் கட்டிக்கொண்டு குறுக்குச்சாலை என்ற ஊரையும் சேர்த்து அந்தப் பக்கத்து ஆறு ஊர்களில் விற்று முடித்து, ஒன்பதே முக்காலுக்கு வீடு திரும்பிவிடுவாள். போக வர ஐம்பத்தெட்டு கிலோமீட்டர். 2021 மார்ச்சில் பழைய வண்டியாக வாங்கியபோது மீட்டரில் 9,200 இருந்தது. இந்த ஜூலை 15, செவ்வாய்க்கிழமை, 78,640. வாரம் ஒருமுறை அவள் மீட்டரைப் பார்த்துச் சொல்லுவாள், நான் எழுதி வைப்பேன்.

வண்டி வருவதற்கு முன் கூடையோடு பஸ்ஸுக்கு நின்றவள். மீன் வாசத்துக்கு நிற்காமல் போன பஸ்களை அவள் இன்றும் நடித்துக் காட்டுவாள். வண்டி வந்த பிறகு பாடிக்கொண்டே ஊருக்குள் நுழைய ஆரம்பித்தாள். ஹாரன் அடிப்பதில்லை. பாட்டைக் கேட்டுத்தான் பெண்கள் சட்டியோடு வாசலுக்கு வருவார்கள்.

மே மாதக் கடைசியிலிருந்து வண்டி இழுக்கவில்லை. புறவழிச்சாலைப் பாலத்தில் ஏறும்போது சைக்கிள்காரர்கள் முந்திப் போனார்கள். ஒன்பதே முக்கால் என்பது பத்தே முக்கால் ஆயிற்று. ஐஸ் உருகியதால் கடைசி இரண்டு ஊர்களை விட்டுவிட்டாள். ஒரு மெக்கானிக் வண்டியைப் பார்த்துவிட்டு, "போர் போச்சு, சிலிண்டர் உள்ள தேஞ்சிருக்கு, எஞ்சினை இறக்கணும்" என்றார். அவள் கணவர் சிலுவை நாட்டுப்படகில் போகிறவர். அவர் ஜெயசிங் என்பவருக்கு வண்டியை விற்கப் பேசி முடித்துவிட்டார். புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஜெயசிங் வந்து எடுத்துப் போவதாக ஏற்பாடு. வேறு வண்டி வாங்கும் பேச்சே அந்த வீட்டில் இல்லை. வண்டி போனால் விஜிலா மறுபடியும் பஸ் ஸ்டாப்பில் நிற்க வேண்டும்.

செவ்வாய் மதியம் நான் மந்திரமூர்த்தியின் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பிரேக் கேபிள் வாங்கிக்கொண்டிருந்தேன். விஜிலா பழைய ஏர் ஃபில்டரைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தாள்.

"அண்ணாச்சி, போர் போச்சுன்னு நாளைக்கு வண்டியக் குடுக்காங்க. அதுக்கு முன்ன இத ஒண்ணு மாத்திப் பாத்திருதேன். நல்லதா எடுங்க."

"போற வண்டிக்குப் புது மூக்கா?" என்று சிரித்தபடி அவர் மூன்று டப்பாக்களை மேசையில் வைத்தார்.

ஏலத்தில் மீன் பார்ப்பது போலத்தான் பார்த்தாள். முதலாவதன் ரப்பர் விளிம்பைக் கட்டைவிரலால் அமுக்கினாள். அமுங்கவில்லை. "இது கருவாடு" என்று தள்ளினாள். இரண்டாவது ஸ்பாஞ்சு. அவள் முகம் மலர்ந்தது. "இத அலசி அலசிப் போடலாமே!"

"ஒங்க ரூட்டுக்கு ஆவாது யம்மா. உப்பளத்துத் தூசி மாவு மாதிரி. ஸ்பாஞ்சு அத உள்ள விட்டுரும். அளவும் சேராது."

மூன்றாவது, வண்டிக் கம்பெனியின் காகித ஃபில்டர். வெளிச்சத்தில் பிடித்தாள். மடிப்புகள் ஒரே சீராக இருந்தன, விளிம்பு மெத்தென்று இருந்தது. சரி என்று தலையாட்டிக்கொண்டே காகிதத்தைத் தொட்டவள், சட்டென்று விரலை மோந்து பார்த்தாள்.

"என்ன அண்ணாச்சி, பிசுபிசுங்குது? பழைய சரக்கா? மீனு இப்பிடி இருந்தா நாங்க கடல்ல வீசிருவோம்."

"அது எண்ணெ. செய்யும்போதே தடவுவாங்க. தூசி அதுலதான் ஒட்டும்."

மந்திரமூர்த்தி அவள் கொண்டுவந்த பழைய ஃபில்டரை எடுத்துத் திருப்பினார். மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, காகிதம் உப்பிப்போயிருந்தது. அவரும் மோந்து பார்த்தார்.

"இதென்ன, துணி சோப்பு வாசம் அடிக்கி?"

"மே இருவதாந்தேதி ஒங்ககிட்டத்தான் வாங்கினேன். எப்பவும் மெக்கானிக்குதான் மாட்டுவாரு. அன்னைக்கு நானே மாட்டினேன். பிசுபிசுன்னு இருந்துச்சா, சோப்புப் போட்டுக் கழுவித்தான் மாட்டினேன். பொறவு ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு வந்து வாராவாரம் கழுவுதேன்."

"வாராவாரமா! எதுக்கு?"

"கடக்கரையில எந்தச் சாமானத்தக் கழுவாம வைப்போம்? வலையக் கழுவுதோம், படகு எஞ்சினக் கழுவுதோம், பெட்டியக் கழுவுதோம். இது மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?"

அவள் சொன்னதில் தவறில்லை. இந்தக் காற்றில் நல்ல தண்ணீர் படாத இரும்பு ஒரு வருஷம் தாங்காது. கழுவக் கூடாத ஒரே சாமானில் போய் அவள் சோப்பைப் போட்டிருக்கிறாள். மே 25 முதல் எட்டு ஞாயிறு.

மந்திரமூர்த்தி சிரித்துச் சிரித்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "பச்சப்புள்ளைய மாதிரி குளிப்பாட்டியிருக்கியளே! காத்துப் போவ வழியில்லன்னா வண்டி எப்பிடி இழுக்கும்? போரும் போவல, ஒண்ணும் போவல. இத மாட்டுங்க. தண்ணி மட்டும் காட்டாதிய."

கடை வாசலிலேயே ஃபில்டர் மூடியின் ஏழு ஸ்க்ரூவையும் கழற்றி அவளே மாட்டினாள். ஸ்டார்ட் செய்து ஆக்சிலரேட்டரைத் திருகியதும் சத்தம் மாறிவிட்டது. எனக்கே தெரிந்தது. ஆனால் பெட்டி நிறைய மீனோடு பாலம் ஏறினால்தான் நிச்சயம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் ஜெயசிங் ஒன்பதரைக்கே வந்துவிட்டார். சிலுவையோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நானும் போய் உட்கார்ந்தேன். ஒன்பது நாற்பத்து மூன்றுக்குத் தெருமுனையில் முதலில் பாட்டு வந்தது, பிறகு வண்டி வந்தது.

"ஏளா, பாதியிலயே திரும்பிட்டியா?" என்றார் சிலுவை.

"ஆறு ஊரும் முடிச்சாச்சு. பாலத்துல ஒரு மினி பஸ்ஸ முந்தினேன்!" பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினாள். ஐஸ் தண்ணீர் மட்டும் கொட்டியது.

ஜெயசிங் எழுந்து சாவிக்குக் கை நீட்டினார். விஜிலா வண்டியில் தொங்கிய பையிலிருந்து, வீட்டுக்கென்று எடுத்து வைத்திருந்த இரண்டு விளமீனை அந்தக் கையில் வைத்தாள்.

"வண்டி கெடையாது அண்ணாச்சி. வந்ததுக்கு வெறுங்கையோட போவாண்டாம்."

சிலுவை மீனைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "அப்ப நமக்குக் கொழம்பு?"

"வண்டிய விக்கப் பாத்தவுகளுக்கு இன்னைக்கு ரசம்."