சித்தியின் வயிற்றுவலி

சுனாமிக்கு அடுத்த கோடையில் என் சித்தி இறந்துபோனாள். தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டாள் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான்காம் வகுப்பு முடித்திருந்த எனக்குச் சொல்லப்பட்ட காரணம் வயிற்றுவலி.

எங்கள் பக்கத்தில் அந்தக் காரணம் புதிதல்ல. புருஷனிடம் அடிபட்டவளானாலும் பரீட்சையில் தோற்றவனானாலும், போலீசுக்கு எழுதிக்கொடுக்கும் தாளில் 'தீராத வயிற்றுவலி' என்றுதான் இருக்கும். அப்படி எழுதிவிட்டால் யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை. இறப்புக் காரணங்களை வகை பிரித்துக் கணினியில் ஏற்றுவது இன்று என் வேலை. அந்தச் சொல் இப்போதும் வருகிறது. வரும்போதெல்லாம் என் விரல் ஒரு நொடி நின்றுவிடும்.

கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் ஒரு பெண் இப்படி இறந்தால் வருவாய்க் கோட்டாட்சியர் நேரில் விசாரிப்பார். சித்திக்கு நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. பெரியவர்கள் விடியுமுன்பே உப்பளத்துக்குப் போய்விடுவார்கள். வீட்டு வேலைக்குச் சித்தி இருப்பாள், துணைக்கு நான். ஆகவே என்னையும் கேட்பார்கள் என்று பெரியப்பா கணித்தார். என்னை எதிரில் உட்காரவைத்தார்.

"எது கேட்டாலும் வயித்து வலின்னு சொல்லு பாப்பா. மாத்திச் சொன்னா சித்தப்பாவப் புடிச்சிட்டுப் போயிடுவாங்க."

மூன்று பதில்கள் சொல்லித்தந்தார். ஒன்று, சித்திக்கு ரொம்ப நாளாக வயிற்றுவலி. இரண்டு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயும் கேட்கவில்லை. மூன்று, சித்தப்பா சித்தியை நன்றாகப் பார்த்துக்கொண்டார். எனக்குச் சித்தப்பாவைப் பிடிக்கும். சைக்கிளின் முன்கம்பியில் உட்காரவைத்து என்னைக் கடலுக்குக் கூட்டிப்போவது அவர்தான். அவரைக் காப்பாற்றும் பொறுப்பு என்னிடம் வந்திருந்தது. வகுப்பில் முதல் ரேங்க் வாங்குகிறவளுக்கு மூன்று பதில்கள் பெரிய காரியமல்ல.

விசாரணை நாளன்று கோட்டாட்சியர் ஆபீசுக்குப் போகத் திண்டிவனம் பஸ்ஸில் ஆறு பேர் ஏறினோம்.

"என்னாப்பா, குடும்பத்தோட கெளம்பிட்டீங்க. பொண்ணு பாக்கவா?" என்றார் கண்டக்டர்.

பெரியப்பா டிக்கெட்டை மட்டும் வாங்கிக்கொண்டார். பெருமுக்கல் மலை தாண்டும்வரை நான் பதில்களை முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த சித்தப்பா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி ஒரு பெண். சித்திக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். மூன்று பதில்களையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். அவர் பேனாவை மூடப்போனவர், ஏதோ யோசித்து நிமிர்ந்தார்.

"வயித்து வலி எப்பப்ப வரும்மா?"

சொல்லித்தராத கேள்வி. ஆனால் விடை எனக்குத் தெரியும்.

"ஞாயித்துக்கெழம காலையில. எழுந்திருக்கவே எழுந்திருக்காது."

"ஞாயித்துக்கெழமன்னு எப்படிச் சொல்ற?"

"சனிக்கெழமதான சித்தப்பா குடிச்சிட்டு வருவாரு. அன்னைக்கு மட்டும் அம்மா என்னப் பக்கத்து வீட்ல படுத்துக்கச் சொல்லிடும். காலையில நான்தான் வந்து சுடுதண்ணி வச்சிக் குடுப்பேன்."

பெரியப்பா தொண்டையைச் செருமினார். அதிகாரி அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள்.

"சுடுதண்ணி குடிச்சா சரியாயிடுமா?" அதிகாரியின் குரல் இறங்கியிருந்தது.

"சாயந்தரமாயிடும். திங்கக்கெழம நல்லாதான் இருக்கும். வேலையெல்லாம் செய்யும்."

அவர் வெகுநேரம் எழுதினார். என்ன எழுதினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சித்தப்பாவை யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. எனவே ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். திரும்பும் பஸ்ஸில் சித்தப்பா பின்னால் போய் நின்றுகொண்டார். என் பக்கத்து இடம் காலியாகவே வந்தது. மறுவாரம் அவர் வேலை தேடிப் பாண்டிச்சேரிக்குப் போனார். பெரியப்பா என்னைக் கண்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பினார். அம்மா சோறு போட்டாள், தலை வாரினாள். பேச மட்டும் இல்லை. திட்டியிருந்தால்கூட என்ன தப்பு என்று தெரிந்திருக்கும்.

மீதி லீவு முழுக்க அவர்கள் உப்பளத்தில் இருக்க, நான் பூட்டாத வீட்டில் தனியாக இருந்தேன். சித்தியின் பாய் சுருட்டியபடி மூலையில் நின்றது. அதன் அருகில் உட்கார்ந்து என் பிழைகளை வரிசைப்படுத்தினேன். கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. பதில்களை வேகமாகச் சொல்லிவிட்டேன். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லவில்லை. அவ்வளவுதான் அகப்பட்டது. அதிகாரி கடைசியாகக் கேட்டவற்றுக்கு மட்டும் எனக்கு நானே முழு மதிப்பெண் போட்டுக்கொண்டேன். அவைதான் யாரும் சொல்லித்தராமல், எனக்கே தெரிந்து நான் சொன்ன பதில்கள்.