என் அப்பாவைப் பற்றி நான் சொன்ன சாட்சி

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படித்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், அறுபது பேருக்கு முன்னால் என் அப்பாவை நான் குடிகாரராக்கினேன்.

கிறிஸ்தவ மாணவர்களின் ஐக்கியக் கூட்டம் அது. விரிவுரைகள் முடிந்து காலியாகக் கிடக்கும் ஒரு மண்டபத்தில் வாராவாரம் கூடுவோம். பாட்டு, ஜெபம், பிறகு யாராவது ஒருவர் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். மூன்று நிமிடம். அந்தக் கிழமை என் முறை. கூட்டத்தை நடத்திய அக்கா இறுதி வருடம், வடக்குப் பக்கத்துக்காரர். எப்படிச் சொல்ல வேண்டும் என்று முதல்நாளே கூப்பிட்டு விளக்கினார்.

"முதல் எப்பிடி இருந்தனீங்கள், ஆண்டவர் உங்களை எங்க சந்திச்சவர், இப்ப எப்பிடி இருக்கிறீங்கள். இந்த மூண்டும் வரவேணும் தம்பி. முதல் பகுதியை மறைக்காமச் சொல்லுங்கோ. அதிலதான் ஆக்கள் தொடப்படுவினம்."

என் சிக்கலே அந்த முதல் பகுதிதான். மாத்தளைப் பக்கம் பலாபத்வலைக்கு மேலே ஒரு தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன் நான். வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள். அப்பா கையெழுத்து மட்டும் போடுவார், அம்மா கைநாட்டு. கெட்டுப்போக எனக்கு நேரமே கிடைத்ததில்லை. ஆண்டவர் என்னைச் சந்தித்த விதமும் யாரையும் அழவைக்காது. முதல் வருடம் காய்ச்சலில் படுத்திருந்தேன். ஹட்டன் பக்கத்துக்காரனான என் அறை நண்பன் நான்கு நாள் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தான். கொடுத்துவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்து கண்ணை மூடி ஏதோ முணுமுணுப்பான். "என்னடா மந்திரம் போடுற?" என்று கேட்டேன். அங்கேதான் ஆரம்பித்தது. அவ்வளவுதான்.

எனக்கு முன்னால் சாட்சி சொன்ன மாணவர் ஒரு காலத்தில் கத்தியோடு திரிந்தவர். சட்டைக் கையை மடித்துத் தழும்பைக் காட்டினார். மண்டபமே விசும்பியது. அடுத்தது நான். "நான் ஒரு தோட்டத்துப் பிள்ளை" என்று தொடங்கினேன். அந்த ஒரு வார்த்தைக்கே முன்வரிசையில் தலைகள் மெல்ல ஆடின. "எங்க அப்பா குடிப்பாரு" என்றேன். யாரோ "ஆண்டவரே" என்று பெருமூச்சு விட்டார்கள். அந்தப் பெருமூச்சு என்னை முன்னால் தள்ளியது.

"ஒவ்வொரு நாளும் குடிப்பாரு. அம்மாவ அடிப்பாரு. அந்த இருட்டுலதான் நான் படிச்சேன்."

ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. தோட்டத்து அப்பா என்றால் அப்படித்தான் இருப்பார் என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது போலிருந்தது. அந்த எண்ணத்துக்கு நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

உண்மை இதுதான். மாத்தளை அம்மன் தேரன்று அப்பா கொஞ்சம் குடிப்பார். எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு தேருக்குப் போய்வந்து வாசல் சாக்கடைக் கானுக்குள் விழுந்தார். அம்மா ஒரு வாளித் தண்ணீரை அவர் தலையில் ஊற்றி, லயமே கேட்கும்படி திட்டினார். அப்பா கானுக்குள் உட்கார்ந்தபடி "சரி தாயி, சரி தாயி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஒரு நாளைத்தான் நான் பத்து வருடமாக நீட்டிவிட்டேன். அடித்தார் என்பதற்கு அந்த ஒரு நாள்கூட இல்லை.

மூன்று நிமிடத்தோடு முடியும் என்று நினைத்தேன். அடுத்த புதன்கிழமை அக்கா என் தோளைத் தட்டி, "உங்கட அப்பாவுக்காகப் பன்னிரண்டு பேர் மத்தியானச் சாப்பாட்டை விட்டிருக்கிறம். ஒவ்வொரு புதனும் விடுவம்" என்றார். அந்தப் பன்னிரண்டு பேரில் வயிற்றெரிச்சலுக்கு மருந்து எடுக்கிற முதல் வருடத் தங்கச்சி ஒருத்தியும் இருந்தாள். மூன்றாவது புதன், அவள் நூலகப் படியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் சிரித்து, "அப்பா எப்படி இருக்காரு அண்ணா?" என்றாள். "பரவாயில்ல" என்று சொல்லிவிட்டுப் புத்தகமே எடுக்காமல் திரும்பி வந்தேன்.

அதற்குப் பிறகு வந்தது வீட்டுச் சந்திப்பு. பௌர்ணமிப் போயா விடுமுறையன்று ஐந்து பேர் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவுக்காக ஜெபிப்பதாக முடிவானது. பாதை சரியில்லை என்றேன், மழை என்றேன், அப்பாவுக்கு வேலை இருக்கும் என்றேன். ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் வீட்டாரே வேண்டாம் என்று சொல்லட்டும் என்று அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"கெம்பஸ் புள்ளைங்களா? நம்ம லயத்துக்கா? ஐயய்யோ, எங்கடா ஒக்கார வைக்கிறது?"

"எடம் பத்தாதுன்னு சொல்லிறவா மா?"

"வாயக் கழுவு. வாறேன்னு சொன்ன புள்ளைங்கள வேணாம்னு சொல்றதா?"

பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "யாரு வாறாங்களாம்?"

"தொரமாரு வாறாங்க, போய் முடி வெட்டிக்கிட்டு வாங்க!"

நான் வேதக் கூட்டத்துக்குப் போவது வீட்டுக்குத் தெரியும். முதன்முதலில் சொன்னபோது அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "யார கும்புட்டாலும் ஒழுங்கா கும்புடு" என்றார். அதற்கு மேல் பேச்சில்லை. அம்மன் படத்துக்கு அவர் விளக்கேற்றுவார். நான் பக்கத்தில் சும்மா நிற்பேன். எங்களுக்குள் அது ஒரு சண்டையாக ஆனதே இல்லை.

போயாவன்று கண்டியிலிருந்து மாத்தளைக்கு வந்து தம்புள்ளை பஸ்ஸில் ஏறினோம். அம்மன் கோயில் கோபுரத்தைத் தாண்டும்போது என் கை பழக்கத்தில் நெற்றிக்குப் போய் பாதியில் நின்றது. "என்ன மச்சான், தல அரிக்குதா?" என்றான் ஹட்டன் நண்பன். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இறங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று அக்காவின் சீட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"அக்கா, ஒரு விசயம். வீட்டுக்குப் போறதுக்கு முந்தி..."

"பயமா இருக்கோ?"

"ஆமாக்கா. நான் அன்னைக்குச் சொன்னதுல..."

"தெரியும். கடைசி நேரத்தில சத்துரு இப்பிடித்தான் மனசைக் குழப்புவான். ஒண்டும் கதையாதேங்கோ. ஜெபியுங்கோ."

கண்ணை மூடி என் கையைப் பிடித்துக்கொண்டு அவரே ஜெபிக்கத் தொடங்கிவிட்டார். பலாபத்வலை வந்து கண்டக்டர் மணி அடிக்கும்வரை விடவில்லை.

மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கிடையே மேலே நடந்தோம். லயத்து வாசலில் அப்பா நின்றார். எனக்குக் கெம்பஸ் கிடைத்த அன்று வாங்கிய வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். உண்மையாகவே முடி வெட்டியிருந்தார். முன் அறையான காம்பராவுக்குள் ஐந்து சிவப்புப் பிளாஸ்டிக் கதிரைகள் வரிசையாக இருந்தன. தோட்டத்துக் கோயில் கதிரைகள். ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைப் பெயின்டில் "அம்மன் கோயில்" என்று எழுதியிருந்தது.

"வாங்க, வாங்க, ஒக்காருங்க. புள்ளைங்க வெயில்ல வந்திருக்கீங்க. சோடா குடிங்க மொதல்ல" என்றார் அப்பா.

அக்கா உட்காரவில்லை. அவர் அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கைக்குக் கீழே நீளமாகச் சிவந்து தோல் பொங்கியிருந்தது.

"அம்மா, இது என்ன?"

"ஒண்ணுமில்ல புள்ள. காலையில வட சுட்டேன், எண்ண தெறிச்சிருச்சு."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் கண் நிறைந்திருந்தது. எல்லாப் பெண்களும் இப்படித்தான் எதையாவது சொல்லி மறைப்பார்கள் என்று அந்தப் பார்வை சொன்னது. இல்லை அக்கா, அது எண்ணெய்தான், உங்களுக்குச் சுட்ட வடையின் எண்ணெய்தான் என்று கத்த வேண்டும் போலிருந்தது. அதற்குள் எல்லோரும் ஜெபத்துக்கு எழுந்துவிட்டார்கள். அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்பாவும் எழுந்தார். கோயிலில் நிற்பதுபோலக் கைகூப்பி நின்றார்.

ஜெபம் முதலில் பொதுவாகத்தான் போனது. இந்த வீட்டுக்குச் சமாதானம், இந்தப் பெற்றோருக்குச் சுகம். அப்படியே முடிந்துவிடாதா என்று நினைத்த நேரத்தில் அக்காவின் குரல் உயர்ந்தது.

"ஆண்டவரே, இந்தத் தகப்பனைக் குடியின் கட்டிலிருந்து விடுவியும். இந்த வீட்டில் இனி ஒரு நாளும் இந்தத் தாயின்மேல் கை ஓங்கப்படாதிருப்பதாக."

கண்ணைத் திறந்தேன். அப்பாவும் திறந்திருந்தார். என்னைத்தான் பார்த்தார். கோபம் இல்லை. தெரியாத பாஷையில் எழுதிய ஒரு தாளைக் கையில் கொடுத்தால் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு வார்த்தையாகப் புரிந்தது அவர் முகத்தில் தெரிந்தது. நான் சிமெந்துத் தரையைப் பார்த்தேன்.

ஆமென் சொல்லி முடித்ததும் அக்கா அப்பாவிடம் மெதுவாகக் கேட்டார். "அப்பா, இனிமேல் விட்டிடுவீங்கள்தானே?"

அம்மா வாயைத் திறந்தார். அப்பா முந்திக்கொண்டார்.

"விட்டுட்டேன் தாயி. முந்தி அப்படித்தான் இருந்தேன். இப்ப இல்ல."

"அல்லேலூயா!" என்றார்கள். ஒருவன் கைதட்டினான்.

அம்மா அப்பாவையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். "நீ போயி வடைய எடுத்துக்கிட்டு வா" என்றார் அப்பா, அவரைப் பார்க்காமல். எல்லோரும் வடை சாப்பிட்டார்கள். நன்றாக இருக்கிறது என்று ஹட்டன் நண்பன் நான்கு சாப்பிட்டான். என் கையிலிருந்த ஒன்று அப்படியே ஆறிப்போனது.

பஸ் ஏற்றிவிட அவர்களோடு கீழே இறங்கினேன். வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தார்கள். தரிப்பிடத்தில் நின்றதும் அக்கா சொன்னார். "வெள்ளிக்கிழமை இதை நான் சாட்சியாச் சொல்லப்போறன். ஒரு தகப்பன் தன்ர வாயாலயே அறிக்கை பண்ணினதை எல்லாரும் கேக்கவேணும்."

அறுபது பேர். இந்த முறை அப்பாவின் வாயாலேயே.

"அது பொய்க்கா" என்றேன்.

"எது?"

"எல்லாம். எங்கப்பா தேருக்கு மட்டும் குடிப்பாரு. அம்மா மேல கை வச்சதே இல்ல. சாட்சியில சொல்றதுக்கு எனக்கு ஒண்ணும் இல்லக்கா. அதனால சொன்னேன்."

தெருவில் ஒரு லொறி போனது. ஹட்டன் நண்பன்தான் முதலில் வாய் திறந்தான். "டேய், அப்ப அந்த மனுசன் எதுக்குடா ஒத்துக்கிட்டாரு?"

எனக்குத் தெரிந்திருந்தது. அக்காவின் முகம் வெளிறியிருந்தது.

"நான் அவரிட வீட்டுக்குள்ள நிண்டு, அவரிட முகத்துக்கு நேர சொன்னனான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அந்தப் பிள்ளை வயித்து நோவோட பட்டினி கிடந்தவள்" என்றார். மாத்தளை பஸ் வந்தது. ஏறும்போது திரும்பினார். "வெள்ளிக்கிழமை நீங்கதான் சொல்லவேணும். நான் இல்லை."

மேலே வந்தபோது அப்பா வெள்ளைச் சட்டையைக் கழற்றிவிட்டுக் கதிரைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். மூன்றை அவர் தூக்கினார், இரண்டை நான். கோயில் வரைக்கும் நடந்தோம். கதிரைகளை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"எதுக்குடா சொன்ன? நான்தான் ஒத்துக்கிட்டேனே."

"அப்பா..."

"ஓடியாடிப் படிச்சு அந்தப் புள்ளைங்களோட ஒண்ணா ஒக்காந்திருக்க. அவுங்க முன்னாடி ஒன்னைய பொய்யனாக்கிட்டு எனக்கு என்னா கெடைக்கப் போவுது?" கதிரையின் தூசியைத் துண்டால் தட்டினார். "இனி தேருக்கும் தொட ஏலாது போல. சாமி பேருல சொல்லிட்டேன்ல."

சிரிக்கவைக்கத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. அவர் பார்க்காததுபோல நகர்ந்தார். "என்கிட்ட ஒண்ணுமில்ல. ஒங்கம்மாகிட்டதான் இருக்கு. போ."

அம்மா அடுப்படியில் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். மன்னிப்புக் கேட்டேன். சட்டி சத்தம் நிற்கவில்லை.

"ஒங்கப்பாவக் குடிகாரன்னு சொன்ன. அது அவரு பாடு. என்னைய என்னான்னு சொன்ன? அடி வாங்கிக்கிட்டு மூலையில கெடக்கிறவள்னா? என்னைய அடிச்சிப்புட்டு ஒருத்தன் இந்த லயத்துல சோறு திங்க முடியுமாடா?"

"இல்லம்மா."

"அந்தப் புள்ள என் கையப் புடிச்சிக்கிட்டு அழுவுது. நான் எதுக்கு அழுவுதுன்னு தெரியாம அதுக்கு முதுகத் தடவிக் குடுக்கிறேன்."

அதற்குப் பிறகு நான் கெம்பஸுக்குப் புறப்படும்வரை அவர் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் கட்டித் தந்தார்.

வெள்ளிக்கிழமைக்கு என்ன சொல்வது என்று ஒவ்வொரு இரவும் உட்கார்ந்தேன். எழுதி வைத்தேன், கிழித்தேன். ஐக்கியத்துக்கே போகாமல் விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். ஆனால் நான் எழாவிட்டால், அன்று நான் சொன்ன பொய்தான் அங்கே நிலைத்து நிற்கும். எழுந்தேன். சொன்னேன். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. வழக்கமாகச் சாட்சி முடிந்ததும் வரும் ஆமென் வரவில்லை. வயிற்றெரிச்சல் தங்கச்சி தன் புத்தகப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. அக்கா பாட்டுப் புத்தகத்தைத் திறந்து ஒரு பக்க எண்ணைச் சொன்னார். ஹட்டன் நண்பன் மட்டும் நான் உட்கார்ந்ததும் கொஞ்சம் தள்ளி இடம் விட்டான்.

வெளியே வந்து வீட்டுக்கு அழைப்பு எடுத்தேன். அம்மாதான் எடுத்தார். எடுத்ததே பெரிது.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்மா. அப்பா அப்படி இல்லன்னு சொன்னேன். ஒங்கள அடிச்சதே இல்லன்னும் சொன்னேன்."

"கையில இருந்தது எண்ணதான்னு சொன்னியா?"

எனக்குச் சுரீரென்றது. அதை மறந்திருந்தேன். வந்து பார்த்த ஐவரும் அந்தக் காயத்தை மற்றவர்களுக்குச் சொல்லியிருப்பார்கள். என் வாயால் பொய் என்று கேட்ட பிறகும் அந்தக் கை அவர்கள் கண்ணுக்குள் இருக்கும்.

"சொல்லல."

அம்மா சொன்னார். "அப்ப அடுத்த வெள்ளிக்கிழம எந்திரிச்சி நின்னு அதையும் சொல்லு."