கரையில் ஒதுங்கிய நீலப் பை

காரைக்குடியில் ஒரு பள்ளியில் விலங்கியல் நடத்துகிறேன். ஃபைசாலியா என்ற கடல் உயிரின் பாடம் வரும்போதெல்லாம் எங்கள் வீட்டைத்தான் உதாரணம் சொல்வேன். எங்கள் வழக்கத்தில் கல்யாணமான ஒவ்வொரு ஜோடியும் ஒரு புள்ளி. ஒரே கூரைக்குள் புள்ளிக்கு ஓர் அடுப்பு. அந்தக் கடல் உயிரும் அப்படித்தான். பார்வைக்கு ஒன்று, உண்மையில் ஒட்டிப் பிறந்த ஒரு கூட்டம். ஒன்று காற்றடைத்த பையாக மிதக்கும். சில கொட்டி இரை பிடிக்கும், சில செரிக்கும், சில இனம் பெருக்கும். மூளை மட்டும் யாருக்கும் கிடையாது. வகுப்பு சிரிக்கும், நானும் சிரிப்பேன்.

போன ஆடி அமாவாசைக்குப் பங்காளிகள் எல்லோரும் வேன் பிடித்துத் தொண்டிப் பக்கம் கடலாடப் போனோம். மணலில் கிடந்த நீலப் பையைப் பலூன் என்று நினைத்து என் எட்டு வயது மகள் தூக்கிவிட்டாள். அது ஃபைசாலியா. செத்துக் கரையில் கிடந்தாலும் அதன் இழைகள் கொட்டும். முழங்கை வரை சுற்றிக்கொண்டன. அலறினாள்.

நான் ஓடி வருவதற்குள் கணவரின் பெரியப்பா ஈர மணலை அள்ளி அவள் கையில் பரபரவென்று தேய்க்கத் தொடங்கியிருந்தார். தேய்த்தால், இழையில் மிச்சமிருக்கும் நச்சு முழுவதும் தோலுக்குள் இறங்கும். தேய்க்காதீர்கள் என்று இரண்டு முறை மரியாதையாகவே சொன்னேன். என் கணவர் உட்படப் பதினைந்து பேர் நின்றார்கள். மூத்தவர் கையைத் தடுக்க ஒருவருக்கும் துணிவில்லை. நான் தட்டிவிட்டேன். "அறிவிருக்கா உங்களுக்கு?" என்று கத்தினேன். கடல் நீரால் கழுவி, குச்சியால் இழைகளை எடுத்து, டீக்கடையில் சூடு பொறுக்கிற வெந்நீர் வாங்கி அவள் கையை முக்கி வைத்தேன்.

தேய்த்ததால்தான் இவ்வளவு கொப்புளம் என்று தேவகோட்டையில் மருத்துவர் சொன்னார். வீட்டில் அதைக் காதில் வாங்க ஆளில்லை. நான் கத்தியதுதான் பேச்சு. பெரியவர்மேல் கைவைத்தவள் விழுந்து கும்பிட்டு மன்னிப்புக் கேட்காவிட்டால், முன்னோருக்குச் செய்யும் படைப்பில் எங்கள் புள்ளியைச் சேர்க்க மாட்டார்களாம். ஒரு நிமிட வேலைதானே என்று கணவர் கெஞ்சினார். அவர் வாயை அன்று கடற்கரையில் திறந்திருக்கலாம்.

விழுந்தேன். பெரியவர் என் நெற்றியில் திருநீறு பூசி, "ஒரு பூச்சி கடிச்சதுக்கு இம்புட்டுக் கோவம் ஆகாதுத்தா" என்றார். எழுந்து திரும்பினால், கட்டுப்போட்ட கையோடு மகள் கதவருகே நின்றிருந்தாள்.

"நீங்க சொன்னதுதானம்மா சரி? பெறகு ஏன் விழுந்தீக?"

கும்பிட்ட கைகளை வெட்டிப் போடலாம் போல இருந்தது.